இரண்டு தடவை தலைகீழ்

கப்பலில் விளக்கெல்லாம் எரிய வைக்கிறவருக்கு,

வீட்டில் ஒரு கேமராவை எழுப்ப முடியாத உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். முதல் சொல்லை எழுதக் கை வரவில்லை. நலமறிய ஆவல் மட்டும் உண்மை. உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? இஞ்சின் அறையில் குனிந்தே வேலை பார்க்காதீர்கள்.

உங்கள் கப்பலுக்குச் சாட்டிலைட் வழியாக எழுத்து மட்டும்தான் போகும், படம் போகாது என்பது இப்போதுதான் என்னை அறுக்கிறது. படம் போகுமென்றால் இத்தனை பக்கம் எழுத வேண்டியதில்லை. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நம் மகள் சுண்டெலி பால் நன்றாகக் குடிக்கிறாள். எடை கூடியிருக்கிறது. கால் கட்டைவிரலை வாயில் வைக்கக் கற்றுக்கொண்டாள். இதெல்லாம் நல்ல செய்தி. போன வாரம் எழுதிய அந்தத் துள்ளல் மட்டும் நிற்கவில்லை. தூங்கி எழும்போதுதான் வருகிறது. சத்தம் கேட்டுப் பதறுவது போல இல்லை. ஒன்று வரும், கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று, அதே இடைவெளி. யாரோ உள்ளே உட்கார்ந்து எண்ணி எண்ணிச் சுண்டுவது போல. ஏழெட்டில் முடிந்துவிடுகிறது. முடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி என்னைப் பார்க்கிறாள்.

குழந்தை டாக்டரிடம் காட்டினேன். அங்கே போனதும் மகாராணி சிரித்துக்கொண்டே படுத்திருந்தாள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் பார்த்தார். சில குழந்தைகள் சும்மாவும் துள்ளும், சிலது சும்மா இல்லை, பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். அடுத்த தடவை வருவதற்குள் வீடியோ எடுத்து வாங்க, போர்வை இல்லாம, முழு உடம்பும் தெரியணும், முதல் துள்ளல்ல இருந்து கடைசி வரைக்கும் இருக்கணும், யாரும் தொடக் கூடாது என்றார். எடுத்தால் நாள் பார்க்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

சொல்வது சுலபம். போனில் இதுவரை மூன்று எடுத்திருக்கிறேன். ஒன்றில் மேலே ஓடும் மின்விசிறி. இன்னொன்றில் என் பெருவிரல். மூன்றாவதில் எல்லாம் முடிந்து உங்கள் மகள் கொட்டாவி விடுகிறாள். போனைத் தொட்டிலோரம் நிறுத்தி ஓட விட்டும் பார்த்தேன். சூடாகித் தானாகவே அணைந்துவிட்டது. அது அணைந்த ஆறாவது நிமிடம் இவள் துள்ளினாள்.

அப்போதுதான் பரணில் இருக்கும் உங்கள் மின்னல் பெட்டி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். போன மழைக்காலம் மொட்டை மாடியில் மின்னலைப் பிடிக்கிறேன் என்று குட்டிக் கம்ப்யூட்டரையும் பழைய வீடியோ கேமராவையும் வயர் போட்டு இணைத்தீர்களே, அதேதான். கேமரா செத்துப்போச்சு என்று நீங்கள் ஏற்றி வைத்தீர்கள். சாகவில்லை. பொத்தானைக் கையால் அழுத்தினால் ஜோராகப் பதிவாகிறது. ஆனால் முழு உடம்பும் தெரிய வேண்டுமென்றால் அதைப் பீரோ மேல்தான் வைக்க வேண்டும். முக்காலி போட்டு ஏறி அழுத்துவதற்குள் துள்ளல் முடிந்துவிடும். சும்மா விட்டால் கேமரா ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறது. அதைத் தூங்காமல் வைத்திருக்கவும், நான் காலால் ஒரு சுவிட்சை மிதித்ததும் பதிவு பண்ணு என்று சொல்லவும் கம்ப்யூட்டர் வேண்டும். வாசல் மணிப் பொத்தானைக் கழற்றித் தரையில் ஒட்டியிருக்கிறேன். ஆகவே யார் வந்தாலும் கதவைத் தட்டுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கேமராவுக்கு எல்லாமே தலைகீழ், உங்களுக்கே தெரியும். நம் குட்டிக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது கம்பியில் வோல்டேஜை மேலே பிடித்திருக்கும், பேசும்போது கீழே விடும். கேமராவோ சும்மா இருக்கும்போது கம்பி கீழே கிடக்க வேண்டும் என்கிறது. நம் ஒன்று அதற்குச் சுழி, நம் சுழி அதற்கு ஒன்று. புரோகிராம் தலைகீழாகத்தான் அனுப்புகிறது. ஒரு பிட்டுக்கு நூற்று நான்கு மைக்ரோ வினாடி. அதைப் பத்துத் தடவை சரிபார்த்துவிட்டேன். கேமரா கண்டுகொள்ளவே இல்லை. சுவரிடம் பேசுவது மேல்.

ஆகவே வயரைப் பற்றி எழுதுங்கள். எந்தக் கம்பி எது? எங்கேயாவது விட்டுப்போயிருக்குமா? உங்கள் அக்கா இரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறார். நான் தரையில் படுத்து வயரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, புள்ளைங்கன்னா துள்ளத்தான் செய்யும். நீ படிச்சது வயர் படிப்புதானே, டாக்டர் படிப்பு இல்லையே" என்று சொன்னார். வயர் படிப்பும் கைகொடுக்கவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உடனே எழுதுங்கள்.

பொத்தானை மிதித்து மிதித்துக் கால் வலிக்கும்,
உங்கள் மனைவி

•

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மூன்று வரிப் பதில் வந்தது. முதல் வரி, வயர்ல ஒரு குறையும் இல்ல, நானே கையால செஞ்சது. இரண்டாவது வரி, நீ உன் புரோகிராமைப் பாரு. மூன்றாவது, பாப்பாவுக்கு ஒண்ணும் இருக்காது, பயப்படாதே.

பயப்படாதே என்று எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நேற்று நான் கிலுகிலுப்பையை அவள் காதோரம் ஆட்டினேன். திரும்பவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்து அரை மணி கழித்து மறுபடி ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக என் பக்கம் பார்த்தாள், சிரிக்கவில்லை. போன மாதம் கிலுகிலுப்பையை எடுத்தாலே கெக்கலி கொட்டுவாளே. அக்காவும் பார்த்தார். அதற்கப்புறம் அவர் துள்ளத்தான் செய்யும் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் பேசிக்கொண்டிருந்ததே எனக்குத் தைரியமாக இருந்திருக்கிறது என்பது அவர் வாயை மூடிய பிறகுதான் தெரிகிறது.

நீங்கள் சொன்னபடி புரோகிராமைப் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். கம்ப்யூட்டர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டு வருவதால் இடைவெளி பிசகுகிறதோ என்று, அலை முழுவதையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்து ஒரே மூச்சில் அனுப்பிப் பார்த்தேன். வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஒரு கையில் உங்கள் மகள், ஒரு கையில் கீபோர்டு. அவள் காலால் உதைத்துச் சேர்த்த ஓர் அரைப்புள்ளியைத் தேடி ஒரு மணி நேரம் போயிற்று. இந்த மூன்று நாளில் ஒன்பது தடவை துள்ளல் வந்தது. ஒன்பதும் என் கண்ணுக்கு மட்டும்.

நாலாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே டிவி ரிப்பேர்க் கடைக்குப் போனேன். அந்த அண்ணனிடம் சிக்னலைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் இருக்கிறது, பழையது, மேலே தட்டினால்தான் படம் நிற்கும். கம்ப்யூட்டர் பக்கம் வைத்துப் பார்த்தார். சிக்னல் தலைகீழ், அச்சுப் பிசகாமல். வயரின் மறுமுனையில், கேமராவில் செருகும் இடத்தில் வைத்தார். நேராக இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "என்னம்மா, இங்க தலைகீழா ஏறுது, அங்க நிமிர்ந்து இறங்குது, நடுவுல யாரு புடிச்சு நிமித்துறா?" என்று கேட்டார்.

வயரின் நடுவில் கறுப்பு உறை போட்ட ஒரு புடைப்பு இருக்கிறதே, ஒட்டுப் போட்ட இடம் என்று நான் நினைத்திருந்தது. அதைக் கத்தியால் கீறினோம். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர். கடுகு அளவில் சுத்தமாகச் சால்டர் செய்திருந்தது. உங்கள் கைவேலைதான், சந்தேகமே இல்லை. கடைக்கார அண்ணன், "நல்லா பண்ணியிருக்காரும்மா" என்று பாராட்டினார். எனக்கு அந்தக் கத்தியைக் கடலுக்கே தபாலில் அனுப்பத் தோன்றியது.

டிரான்சிஸ்டரும் தலைகீழாக்குகிறது. புரோகிராமும் தலைகீழாக்குகிறது. இரண்டு தடவை கவிழ்த்தால் நிமிர்ந்துவிடாதா? அந்தக் கேமரா பாவம், எத்தனை நாளாக அதற்குப் புரியாத பாஷையிலேயே கத்திக்கொண்டிருந்தோம்.

உங்களை நன்றாகத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். ஏனென்றால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன மழைக்காலம் நீங்கள் இரண்டு நாள் துறைமுகத்துக்குப் பயிற்சிக்குப் போனீர்களே, அப்போது உங்கள் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். நேராக அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். அதைத் தலைகீழாக்கி எழுதினவள் நான்தான். சொல்லவில்லை. சொன்னால் காலேஜ் படிப்பைக் காட்டுகிறாள் என்று முகம் வாடுவீர்கள். நீங்கள் வந்து சுவிட்சைப் போட்டதும் தானாக வேலை செய்யும், குதிப்பீர்கள், நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்கலாம் என்று திட்டம்.

நீங்கள் அதே இரண்டு நாளில் வயரைப் பையில் போட்டுக்கொண்டு போய் இந்த டிரான்சிஸ்டரை உள்ளே வைத்து எடுத்து வந்திருக்கிறீர்கள். நீங்களும் சொல்லவில்லை. வந்து சுவிட்சைப் போட்டீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் முகம் தொங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் முகத்தை நீங்கள் பார்த்தீர்களா தெரியாது. கேமரா செத்துப்போச்சு என்று நீங்கள் சொன்னதும், ஆமாம் ஆமாம் என்று நான்தான் முதலில் ஒத்துக்கொண்டேன். ஆளுக்கொரு சரியான வேலையைச் செய்துவிட்டு, கெட்டுப்போனது கேமரா என்று இரண்டு பேரும் சேர்ந்து பழி போட்டோம்.

இனி எதை நீக்குவது என்று யோசித்தேன். உங்களுடையதை வெட்டிப் போட ஒரு நிமிடம் போதும், கத்தி கையில்தான் இருந்தது. ஆனால் உங்கள் டிரான்சிஸ்டர் இருந்தால் கம்ப்யூட்டர் தன் வழக்கமான வழியிலேயே நேராகப் பேசலாம், நான் நூற்று நான்கை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், நேரம் பிசகாது. அதனால் என்னுடையதை எடுத்துவிட்டேன். நாற்பது வரி. புதுக் கறுப்பு உறை போட்டு மூட அண்ணன் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பொத்தானை மிதித்தேன். பீரோ மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு மிதி, அணைந்தது. மறுபடி மிதித்தேன். அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பு விளக்குக்கா என் தம்பி வயரை வெட்டின?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, போய் முகம் கழுவு என்றார்.

துள்ளல் இன்னும் கேமராவில் பிடிபடவில்லை. தொட்டில் பக்கத்திலேயே பாய் போட்டு, பொத்தான் மேல் குதிகாலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் பிள்ளைக்கு வரவே கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டு, சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று இன்னொரு பக்கம் காத்திருக்கிறேன். எந்தத் தாயும் இப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது.

மூன்று வரிக்கு மேல் எழுதுங்கள்.

குதிகாலை எடுக்காத,
உங்கள் மனைவி

•

அன்புள்ளவருக்கு,

உங்கள் நீளமான கடிதம் வந்தது. டிரான்சிஸ்டர் கதையைப் படித்துவிட்டு மெஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சமையல்காரர், ஜோடின்னா இதுதான்யா ஜோடி என்றாராம். சரி. சிரித்துக்கொள்ளுங்கள். நானும் இரண்டு நாள் முன்பென்றால் சிரித்திருப்பேன்.

முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மத்தியானத் தூக்கம் கலையும்போது வந்தது. மிதித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தொடக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அதனால் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பதினான்கு. எண்ணினேன். பதினான்கு முடிந்து அவள் அழுதாள், அதற்கப்புறம்தான் தூக்கினேன். அந்த மூன்று நிமிடத்தை எழுத்தில் எழுத என்னால் ஆகாது.

அன்றைக்கே அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா வீடியோவை ஒரு தடவை பார்த்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். இதை எப்படி இவ்வளவு சுத்தமா எடுத்தீங்க என்று கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, போனை எடுத்து யாரிடமோ பேசினார். அன்று சாயங்காலமே தலையில் சின்னச் சின்ன வயர்களை ஒட்டி மூளையின் அலையைப் பதிவு செய்தார்கள். வாழ்நாளில் எத்தனையோ கோடுகளைத் திரையில் பார்த்திருக்கிறேன். இது ஒழுங்கில்லாமல் தாறுமாறாக இருக்கிறது என்று பதிவு செய்த பெண் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இது ஒரு வகை வலிப்பு. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் வருவது. மருந்து இருக்கிறது, அன்று இரவே ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். இன்று துள்ளல் குறைவு. நேற்று பதினொன்று வந்தது, இன்று இதுவரை நான்கு. அக்கா ஒரு தாளில் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறார், அந்தத் தாளை யாரையும் தொட விடுவதில்லை. மருந்தால் குழந்தைக்குச் சிடுசிடுப்பு, பசி அதிகம். எந்நேரமும் பால் கேட்கிறாள்.

இந்த நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்பது ரொம்ப முக்கியமாம். மருந்து எப்படிக் கேட்கும், இன்னொரு மருந்தும் சேர்க்க வேண்டுமா, பிற்பாடு எப்படி இருப்பாள், எல்லாம் பார்க்க அந்த நாளும் வேண்டுமாம். டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதன்முதல்ல எப்போ பாத்தீங்க என்று கேட்டார். இருபது நாள் என்றேன். எழுதிக்கொண்டார்.

உங்களுக்கும் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அது பொய்.

நீங்கள் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பார்த்தேன். மூன்று துள்ளல். நீங்கள் அடுத்த அறையில் பெட்டிக்கு வார் கட்டிக்கொண்டிருந்தீர்கள். இந்தக் கப்பலுக்காக எட்டு மாதம் காத்திருந்தீர்கள். சொன்னால் போக மாட்டீர்கள் என்று தெரியும். வாயு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் ஒன்று வந்தது, அதையும் முழுங்கினேன். நீங்கள் போன பிறகும் கணக்கைத் தள்ளித் தள்ளி ஆரம்பித்தேன்.

நேற்று காலை டாக்டரம்மா வந்தபோது இதைச் சொல்லித் தேதியைத் திருத்தச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பழைய தேதியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "அதுக்கு முன்னாடி வீட்ல வேற யாராச்சும் பாத்தாங்களா? அப்பா பாத்தாரா?" என்று கேட்டார். அவர் கடலில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அப்புறம்தான் உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். சிரிப்பெல்லாம் முடிந்து கடைசியில் என்னைத் தேற்றுவதற்காக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவ ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கி, கண்ணு மேல போய், தலை லேசா முன்னால விழுறது சோம்பல் முறிக்கிற மாதிரிதான், அதுக்குப் போய் ஏன் பயப்படுறே என்று.

நான் எழுதிய கடிதங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். துள்ளல் என்று எழுதியிருக்கிறேன். சுண்டுவது போல என்று எழுதியிருக்கிறேன். கையைப் பற்றி எங்கும் எழுதவில்லை. கண்ணைப் பற்றி எழுதவில்லை. தலை விழுவதைப் பற்றி எழுத எனக்குத் தைரியமே வரவில்லை. அக்காவும் உங்களுக்கு எழுதவில்லையாம், கேட்டுவிட்டேன்.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் விடியற்காலையில் அவளை நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள், என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு. நான் எழுந்து வந்தால் அவள் எப்போதும் உங்கள் தோளில்தான் இருப்பாள், தொட்டிலில் இருக்க மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத மாட்டேன். நேற்று முழுவதும் கோபமாகத்தான் இருந்தேன். யார்மேல் என்று பிரிக்கத் தெரியாமல் கோபமாக இருந்தேன். இப்போது எனக்கு அதற்கு நேரமில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் மாட்டேன். என்னிடமும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை.

தேதியை மட்டும் எழுதுங்கள். எந்த நாள் காலையில் நீங்கள் முதன்முதலில் பார்த்தீர்கள், எத்தனை வந்தது. தோராயமாக எழுதாதீர்கள், என்னைப் போலக் குறைத்தும் எழுதாதீர்கள். பயப்படாதே என்று சேர்க்க வேண்டாம், நன்றாக இருப்பாள் என்றும் வேண்டாம். உங்கள் கப்பலில் வியாழக்கிழமை தபால் வந்து போகும். டாக்டரம்மா வெள்ளிக்கிழமை காலை மருந்தின் அளவை முடிவு செய்கிறார். ஒரே ஒரு தேதி, அவ்வளவுதான் கேட்கிறேன்.

நீங்கள் மின்சாரத்தில் கை வைத்து வேலை பார்க்கிறவர். இதைப் படித்த கையோடு எந்த மின்பலகையையும் திறக்காதீர்கள். முதலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், எனக்கு எழுதுங்கள், அதற்கப்புறம் வேலைக்குப் போங்கள். கடவுள் உங்களைக் கரையேற்றி எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

நம் மகள் பக்கத்திலிருந்து,
உங்கள் மனைவி